ஒரு தட்டு, ஒரு போன்: எதை வைப்பது?

கூடத்து ஜன்னலை ஒட்டிய அலமாரியில் எனக்கென்று ஒரு தட்டு உண்டு. ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். "பழைய போன் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றுதான்" என்று மனைவி சொல்லிவிட்டாள். அவள் அதைச் சொன்ன நாளில் சாப்பாட்டு மேசையில் மூன்று போன்கள் இருந்தன. நான்காவது தபாலில் வந்துகொண்டிருந்தது. அதை அப்போது நான் சொல்லவில்லை.

இருப்பது நியூ ஜெர்சியில் என்பதால் இந்தப் பைத்தியம் பிடிப்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தைக்குப் போனால் பழைய போன் இல்லாத கடையைப் பார்ப்பது கஷ்டம். அமெரிக்கப் போன்களின் மூளையாக இருந்த பெல் ஆய்வகம் மர்ரே ஹில்லில் இருக்கிறது, என் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்.

சரி, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் வைத்துக்கொண்ட நிபந்தனைகள் இரண்டுதான். போன் அடிக்க வேண்டும். அதிலிருந்து மதுரையில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட முடிய வேண்டும். அழகு மட்டும் போதுமென்றால் எதை வாங்கினாலும் நன்றாகத்தான் இருக்கும், எந்தக் கட்டுரையும் தேவையில்லை. இந்த இரண்டாவது நிபந்தனை வந்த பிறகுதான் அழகிகள் ஒவ்வொருவராக மேசையை விட்டு இறங்கினார்கள்.

போட்டியில் இருந்தவை ஆறு. அமெரிக்காவின் மாடல் 500, பிரின்சஸ், டிரிம்லைன். ஸ்வீடனின் எரிகோஃபோன். பிரிட்டனின் டிரிம்ஃபோன். இத்தாலியின் கிரில்லோ. எல்லாமே இரண்டாம் உலகப்போர் முடிந்து ஏறத்தாழ இருபது வருடத்துக்குள் வந்தவை. டிரிம்லைன் வேறு, டிரிம்ஃபோன் வேறு. ஒன்று அமெரிக்கா, ஒன்று பிரிட்டன். இரண்டும் கடைக்கு வந்தது 1965 வாக்கில் என்பதால் விற்பவர்களே குழப்பிக்கொள்கிறார்கள்.

ஐந்நூறு

முதலில் மாடல் 500. பெயரிலேயே சுவாரசியம் இல்லை. பார்க்கவும் அப்படித்தான்: 'போன்' என்று ஒரு குழந்தையை வரையச் சொன்னால் வரையும் உருவம். அந்த உருவம் நம் கண்ணில் பதிந்ததற்குக் காரணமே இந்த மாதிரிப் போன்கள்தான் என்பது வேறு விஷயம்.

இதை வடிவமைத்தது ஹென்றி டிரேஃபஸ் அலுவலகம். அங்கே இந்த வேலையை முன்னின்று பார்த்தவர் ராபர்ட் ஹோஸ். டிரேஃபஸ் பெயர் தெரியாதவர்களும் ஹனிவெல்லின் வட்டமான சுவர் தெர்மோஸ்டாட்டைப் பார்த்திருப்பார்கள். அதுவும் அவர் வேலைதான். 1930 வாக்கில் பெல் ஆய்வகம் பத்துக் கலைஞர்களை அழைத்து, 'எதிர்காலப் போன் எப்படி இருக்கும் என்று வரைந்து கொடுங்கள், ஆயிரம் டாலர் தருகிறோம்' என்றது. டிரேஃபஸ் மறுத்துவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வெளியே வரைய முடியாது, உங்கள் பொறியாளர்களோடு உட்கார வேண்டும் என்றார். அப்படியென்றால் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வந்த படங்கள் எதுவும் சரிப்படாமல் பிறகு அவரையே கூப்பிட்டார்கள். அந்தக் கூட்டில் 1937இல் வந்தது மாடல் 302. அதன் குறைகளைத் தேய்த்துத் தேய்த்து 1949இல் சோதனைக்கும் 1950இல் வீடுகளுக்கும் வந்தது 500.

அந்தக் குறைகள் என்னென்ன என்று பார்த்தால் இந்தப் போன் ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். 302இன் ரிசீவர் கைப்பிடி முக்கோண வாட்டமாக இருக்கும். காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசினால் உருண்டு நழுவும். 500இல் கைப்பிடியின் முதுகைத் தட்டையாக்கினார்கள். தோளில் வைத்தால் நிற்கிறது. இதை இப்போதே செய்து பார்க்கலாம். ஒரு கையில் கரண்டி, தோளில் ரிசீவர், பத்து நிமிடம் ஆனாலும் அசையாது. என் கைபேசியை அப்படி வைத்து ரசத்துக்குள் போட்ட அனுபவம் எனக்கு உண்டு.

அடுத்து டயல். 302இல் எண்கள் விரல் ஓட்டைக்குள்ளேயே இருக்கும். விரல் பட்டுப் பட்டுத் தேயும், டயல் சுழலும்போது பாதி மறையும். 500இல் எண்களையும் எழுத்துகளையும் சக்கரத்துக்கு வெளியே வளையமாகப் போட்டார்கள். இது பெரிதாகவும் தெளிவாகவும் இருந்ததே தவிர, ஜனங்கள் டயல் செய்யும் வேகம் குறைந்துவிட்டது. ஏன் என்று கண்டுபிடித்தவர் பெல் ஆய்வகத்தில் இருந்த உளவியலாளர் ஜான் கார்லின். எண் வெளியே போனதும் ஓட்டை வெறுமையாகிவிட்டது, விரலுக்குக் குறி இல்லை. ஒவ்வொரு ஓட்டைக்கும் அடியில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வைத்தார்கள். வேகம் திரும்பி வந்தது. சந்தையில் 500ஐப் பார்த்தால் அந்தப் பத்துப் புள்ளிகளையும் பாருங்கள். அலங்காரம் என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன்.

கார்லினைப் பற்றி இன்னொன்று. ரிசீவர் வயர் எவ்வளவு நீளம் வேண்டும் என்று தெரிந்துகொள்ள, சக ஊழியர்களின் போன் வயரை அவர்களுக்குத் தெரியாமல் ஒவ்வோர் அங்குலமாகக் குறைத்துக்கொண்டே வந்தாராம். ஓர் அடி காணாமல் போகும்வரை யாரும் கவனிக்கவில்லை. செம்பு மிச்சம். வயர் எப்போதும் மேசை விளிம்பு வரைக்குமே வருகிறது என்று எரிச்சல்படுகிறவர்கள் யாரைத் திட்ட வேண்டும் என்பது தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது? நல்ல மனதால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்க வீடுகளில் இருந்த பெல் போன் வீட்டுக்காரருடையது கிடையாது, கம்பெனியுடையது. மாதம் மாதம் வாடகை. கெட்டுப்போனால் கம்பெனி ஆள் வந்து சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். 1984இல் பெல் கம்பெனி பல துண்டாக உடையும்வரை பெரும்பாலும் இந்தக் கதைதான். விற்றுவிட்டுக் கை கழுவுகிறவன் கண்ணைக் கவரும்படி செய்வான், வாடகைக்கு விடுகிறவன் உடையாதபடி செய்வான். 500இன் கனமான அடித்தகடு, இரண்டே திருகில் கழன்று வரும் மூடி, திருகித் திறக்கிற ரிசீவர் முனைகள் எல்லாம் அந்தக் கணக்கின் பிள்ளைகள். பேசும் முனையைக் கழற்றினால் கரித்துகள் அடைத்த ஒரு வட்டப் பெட்டி கையில் விழும். குரல் மங்கினால் அதை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினால் போதும், கட்டியான துகள் கலைந்து பழையபடி பேசும். இன்றும் இதற்கு வேறு வைத்தியம் தேவைப்படவில்லை.

பெல்லின் ஏகபோகத்தைப் பாராட்டுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கறுப்பைத் தவிர வேறு நிறம் பரவலாகக் கிடைக்கவே 1954 வாக்கில் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேறு கம்பெனிக் கருவியை வயரில் மாட்டக்கூடாது என்ற விதி தளர 1968இல் ஒரு வழக்குத் தீர்ப்பு வரவேண்டியிருந்தது.

படமெடுத்த பாம்பு

அழகுப் போட்டி மட்டும் என்றால் எரிகோஃபோனுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. ரிசீவர், டயல், உடம்பு எல்லாம் ஒரே துண்டு. அடியில் அகலமாகத் தொடங்கி, கழுத்துபோல் ஒடுங்கி, மேலே காதை நோக்கி வளையும். ஸ்வீடனில் இதற்குச் செல்லப்பெயர் கோப்ரா. வீடியோவில் காட்டியபோது அம்மா கேட்டது: "ஏன்டா, நல்லபாம்பு படமெடுத்தாப்ல இருக்கே, இதையா வீட்டுக்குள்ள வைக்கப் போற?"

எரிக்சன் கம்பெனியில் ரால்ஃப் லைசெல், ஹ்யூகோ புளோம்பெர்க், யோஸ்தா தேம்ஸ் ஆகியோர் பெயரில் இது நிற்கிறது. 1940களில் தொடங்கிய வேலை, விற்பனைக்கு வந்தது 1954இல். முதலில் மருத்துவமனை போன்ற இடங்களுக்குத்தான் போனது. படுத்திருக்கும் நோயாளி ஒற்றைக் கையில் எடுத்துப் பேசலாம் என்பது நல்ல காரணம். பிறகு வீடுகளுக்கு வந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இருக்கிறது. நிறங்களைப் பார்த்தால் மிட்டாய்க் கடைதான்.

கையில் எடுத்தால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். டயல் அடிப்பாகத்தில் இருக்கிறது. ஆகவே போனைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் சுழற்ற வேண்டும். டயலின் நடுவே ஒரு பெரிய பொத்தான். போனை மேசையில் நிறுத்தினால் அந்தப் பொத்தான் அமுங்கும், இணைப்பு துண்டிக்கப்படும். எடுத்தால் விடுபடும், இணைப்பு திறக்கும். எவ்வளவு புத்திசாலித்தனம்! ஒரு தனிக் கொக்கியோ தாங்கியோ வேண்டாம், மேசையே தாங்கி.

இப்போது அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். "ஒரு நிமிஷம் இரும்மா, கதவைத் தட்றாங்க" என்று சொல்லிப் போனை மேசையில் வைக்கிறேன். வைத்த அந்த நொடியே இணைப்பு போய்விட்டது. ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது. போனை வைப்பது என்ற செயலையே 'பேச்சு முடிந்தது' என்ற பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பக்கவாட்டில் படுக்க வைக்கலாம்தான். ஆனால் அறுபது வருடப் பழக்கத்தில் எந்தக் கையும் போனைப் படுக்க வைப்பதில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. துடைக்கிற துணி பட்டு போன் சாய்ந்தால் லைன் திறந்தே கிடக்கும், நமக்கு வரும் கால் எல்லாம் வராமல் போகும். எங்கள் வீட்டில் ஒரு முழு மத்தியானம் அப்படிப் போயிருக்கிறது.

வாங்கும்போது இன்னொரு பொறி. ஸ்வீடனுக்காகச் செய்த எரிகோஃபோனில் டயல் 0இல் தொடங்கும். நம் டயலில் 1 இருக்கிற இடத்தில் அங்கே 0. டயல் அனுப்புவது எண்ணை அல்ல, துடிப்புகளை. நம் ஊரிலும் அமெரிக்காவிலும் 1 என்றால் ஒரு துடிப்பு, 9 என்றால் ஒன்பது, 0 என்றால் பத்து. ஸ்வீடனில் 0க்கு ஒன்று, 1க்கு இரண்டு, 9க்குப் பத்து. அந்த டயலில் அவசரத்துக்கு 911 என்று சுழற்றினால் இங்குள்ள லைன் அதை 022 என்று கேட்கும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் கேலியனில் நார்த் எலக்ட்ரிக் கம்பெனி செய்தவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே படத்தில் நிறத்தைப் பார்க்கும் முன்பு அடிப்பாகப் படத்தைக் கேட்டு வாங்கி, முதல் எண் என்ன என்று பாருங்கள். இந்தியாவுக்கு வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

நான் வாங்கிய எரிகோஃபோன் சரியான அமெரிக்க டயலோடுதான் வந்தது. விற்றவர் ஒரே ஒரு சுற்று செய்தித்தாளில் சுற்றி அனுப்பியதால் கழுத்தில் முடிபோல ஒரு விரிசலும் கூடவே வந்தது. ஒரே துண்டாகச் செய்த பொருளில் விரிசல் விட்டால் மாற்றுவதற்குத் துண்டு எது?

படுக்கையறைக்குப் பிறந்தவை

பிரின்சஸ் 1959இல் வந்தது. இதுவும் டிரேஃபஸ் அலுவலகம்தான், ஆனால் நோக்கம் வேறு. கூடத்தில் ஒரு போன் வாடகைக்கு ஓடுகிறது, படுக்கையறைக்கு இன்னொன்று கொடுத்தால் இன்னொரு வாடகை. அதற்காக முட்டை வடிவில், ரோஜா நிறத்தில், இருட்டில் டயல் ஒளிரும்படி செய்தார்கள். சின்னது, அழகானது, ஒளிர்வது என்று மூன்றே சொல்லில் விளம்பரம்.

விளம்பரத்தில் இல்லாத ஒன்று: அது அடிக்காது. உடம்பைச் சின்னதாக்கியதில் முதல் பதிப்பில் மணிக்கு இடமில்லை, தனியாகச் சுவரில் மணி வைக்க வேண்டும். மணி போனதும் எடையும் போனது. டயலைச் சுழற்றினால் போனே மேசையில் நகர்ந்து போகும், இன்னொரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். 1963இல் வந்த பதிப்பில்தான் மணி உள்ளே வந்தது, நகர்வதும் குறைந்தது. என்னிடம் இருப்பது முந்தையது. அடியில் உள்ள முத்திரையைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்து வாங்கினேன், வேறென்ன சொல்ல. டயல் விளக்குக்குத் தனி மின்மாற்றியும் வேண்டும். போன் லைனிலிருந்து அது எரியாது.

டிரிம்லைன் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. டிரேஃபஸ் அலுவலகத்தில் டொனால்ட் ஜெனரோ செய்தது. டயலையே ரிசீவருக்குள் கொண்டுபோய் வைத்தார்கள், படுக்கையில் படுத்தபடியே எண்ணைச் சுழற்றலாம். கைப்பிடி அகலத்துக்குள் டயல் அடங்க வேண்டுமே! சாதாரண டயலில் 1க்கான ஓட்டைக்கும் விரல் தட்டி நிற்கும் கொக்கிக்கும் நடுவே வெறும் இடம் விட வேண்டும். இதில் அந்தக் கொக்கியே விரலோடு கொஞ்ச தூரம் நகரும். அதனால் வெறும் இடம் தேவையில்லை, டயல் சுருங்கியது. சந்தையில் கிடைத்தால் வாங்காவிட்டாலும் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள், விரலில் அந்த நகர்வு தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் சின்ன டயலில் என் விரல் பாதி நேரம் பக்கத்து ஓட்டைக்குள் போகிறது. பிற்காலத்தில் பொத்தான் வைத்து வந்த டிரிம்லைன் நல்ல போன். அதை வாங்குவதானால் எதற்குப் பழைய போன் என்ற கேள்வி வந்துவிடும்.

கடல் தாண்டி வந்தவை

டிரிம்ஃபோனை வடிவமைத்தவர் மார்டின் ரோலண்ட்ஸ். 1966இல் பிரிட்டனின் தொழில் வடிவமைப்புக் கவுன்சில் விருது வாங்கியது. ஒடிசலான உடம்பு, டயலின் மேல் படுத்திருக்கும் ரிசீவர், மணிக்குப் பதிலாகப் பறவைபோல ஒரு கூவல். தோட்டத்துப் பறவைகள் அதைக் கேட்டுத் திருப்பிக் கூவி ஆட்களை போன் எடுக்க ஓடவைத்தன என்பது அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லும் கதை. இதுவும் எடை குறைவு, இதுவும் டயல் செய்யும்போது நகரும். பிரின்சஸ் கற்ற பாடத்தை அட்லாண்டிக் தாண்டி யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

இருட்டில் ஒளிர அதன் டயலுக்குள் டிரிட்டியம் வாயு அடைத்த சின்னக் குழாய் வைத்தார்கள். கதிரியக்கப் பொருள்தான். குழாய் உடையாதவரை வீட்டில் வைத்துக்கொள்ள பயமில்லை, ஆனால் திறந்து நோண்டாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். "இன்னும் ஒளிர்கிறது" என்று சொல்லி விலை ஏற்றுபவர்களிடம் மட்டும் கொஞ்சம் கணக்கு கேளுங்கள். டிரிட்டியம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1970இல் அடைத்தது என்றால் இன்று அதில் இருபதில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

கிரில்லோவை நான் வைத்திருக்கவில்லை, நண்பர் வீட்டில் பார்த்ததுதான். மார்கோ சனூசோவும் ரிச்சர்ட் சாப்பரும் இத்தாலியின் சிட்-சீமென்ஸ் கம்பெனிக்காகச் செய்தது, 1967இல் கொம்பாஸோ தோரோ என்ற இத்தாலிய வடிவமைப்பு விருது. உள்ளங்கையில் அடங்கும், சிப்பிபோல மூடும், திறந்தால் பேசும் முனை கீழே நீளும். மடக்குக் கைபேசி வருவதற்கு முப்பது வருடம் முன்பு! உள்ளே இடமில்லாததால் மணியைச் சுவர் பிளக்குக்குள் வைத்தார்கள். கிரில்லோ என்றால் இத்தாலியில் சில்வண்டு. சத்தம் அப்படித்தான் வரும், போனிலிருந்து வராது, சுவரிலிருந்து வரும். பிளக் தொலைந்துபோன கிரில்லோ ஊமை. தனியாக விற்பவற்றில் பிளக் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். விலையைக் கேட்டதும் நான் அதைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு ஒரு போன்

இனி இரண்டாவது நிபந்தனை. இங்கிருந்து இந்தியாவுக்கு 011, பிறகு 91, பிறகு பத்து எண்கள். மொத்தம் பதினைந்து சுழற்றல். டயல் வினாடிக்குப் பத்துத் துடிப்பு அனுப்பும், அதனால் 9ஐச் சுழற்றிவிட்டால் அது திரும்பி வரவே கிட்டத்தட்ட ஒரு வினாடி ஆகும். எண்ணில் 9உம் 0உம் அதிகமிருந்தால் கொட்டாவியே விடலாம்.

500இல் மூன்று தடவை முயன்றேன். முப்பத்தெட்டு வினாடி, முப்பத்தாறு, முப்பத்தேழு. ஒரு தவறும் இல்லை, இடது கை சும்மா இருந்தது. பிரின்சஸில் நாற்பத்தைந்து, இடது கை போனைப் பிடித்திருந்தது. எரிகோஃபோனில் முதல் தடவை பாதியில் உள்ளங்கை நடுப்பொத்தானை அமுக்கி லைன் போயிற்று. இரண்டாம் தடவை எந்த எண்ணில் இருக்கிறேன் என்று மறந்துபோனது. மூன்றாம் தடவை அறுபது வினாடி தாண்டிக் கிடைத்தது. டிரிம்ஃபோனும் டிரிம்லைனும் நண்பரிடமிருந்து வாங்கி வந்து பார்த்தேன். டிரிம்ஃபோன் மேசையில் ஒரு சாண் பயணம் போனது. டிரிம்லைனில் தவறான எண்ணுக்குப் போய் யாரோ ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள், பன்னிரண்டு வயது, கேட்டாள்: "மாமா, தப்பா சுத்திட்டா பேக்ஸ்பேஸ் எங்க இருக்கு?"

இல்லை. வைத்துவிட்டு முதலிலிருந்து.

நியாயமாகச் சொன்னால், இந்தப் போன்கள் எதுவும் பதினைந்து எண்ணுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஏழு எண்ணில் உள்ளூரில் பேசுவதற்குச் செய்தவை. அந்தக் கணக்கில் எரிகோஃபோனுக்குக் கொஞ்சம் கருணை காட்டலாம். நான் காட்டவில்லை.

லைன் விஷயம்

எந்தப் போனை வாங்கினாலும் முதலில் லைனைப் பார்க்க வேண்டும். ஃபைபர் இணைப்பில் வரும் பெட்டியின் போன் துளையில் பழைய போனை மாட்டினால் பெரும்பாலும் மணி அடிக்கும், பேசலாம், ஆனால் டயல் செய்ய முடியாது. பொத்தான் ஒலியைத்தான் அந்தப் பெட்டிகள் பலவும் புரிந்துகொள்ளும், துடிப்பைக் கண்டுகொள்ளாது. இரண்டு வழி. துடிப்பை ஒலியாக மாற்றும் சின்னக் கருவி ஒன்றை நடுவில் வைக்கலாம். இல்லையென்றால் துடிப்பை நேரடியாகப் படிக்கும் இணைய போன் அடாப்டர் வாங்கலாம். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 அப்படிப் படிக்கும், நான் வைத்திருப்பதும் அதுதான். அமைப்புகளில் போய் இரண்டு எண்ணுக்கு நடுவே அது காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அடுத்த எண்ணைத் தேடுவதற்குள் அது அரைகுறை எண்ணுக்குக் கூப்பிட்டுவிடும்.

மணி விஷயத்தில் 500க்கு இரண்டு பித்தளைக் கிண்ணங்கள், நடுவே ஒரு சுத்தி. அடாப்டர் தரும் மின்சாரம் ஒரு போனுக்குப் போதும். மூன்று நான்கு போன்களை ஒரே லைனில் மாட்டினால் எல்லாமே முனகும். பிரிட்டன் போன்களில் மணிக்கு மூன்றாவது வயர் ஒன்று சேர்ந்திருக்கலாம், இங்கே அது மௌனமாக இருக்கும். உள்ளே வயரை மாற்றிக் கட்டத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். அப்புறம், "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" வகைக் கூப்பாடுகளுக்கு இந்தப் போன்களில் பதில் சொல்ல முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

எந்த ஐந்நூறு?

முடிவு என்னவென்று இந்நேரம் தெரிந்திருக்கும். தட்டில் இருப்பது 500. சந்தையில் முப்பது டாலர். எரிகோஃபோனுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

கோடிக்கணக்கில் செய்த போன் என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. கவிழ்த்துப் பார்த்தால் அடித்தகட்டில் மாதமும் வருடமும் முத்திரையாக இருக்கும். மூடியைக் கழற்றினால் உட்புறத்திலும், ரிசீவரிலும், ஒவ்வொரு பாகத்திலும் தனித்தனியாகத் தேதி. எல்லாம் ஒத்துப்போனால் சேகரிப்பவர்கள் அதிகம் கொடுப்பார்கள். என்னுடையதில் அடித்தகடு 1958, டயல் 1964, ரிசீவர் 1971. கம்பெனி ஆள் மூன்று தடவையாவது வந்துபோயிருக்கிறார். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

1950களின் போனாக இருந்தால் வாங்கும் முன் முகர்ந்து பாருங்கள். கிண்டல் செய்யவில்லை. அந்தக் காலத்து மூடி டெனைட் என்ற பிளாஸ்டிக். பழசானால் அதிலிருந்து பியூட்டிரிக் அமிலம் கசியும். ஊசிப்போன வெண்ணெயின் அதே அமிலம், அதே நாற்றம். தொட்டால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், நிறமும் சீரில்லாமல் வெளுக்கும். 1950களின் கடைசியில் ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். நகத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும், நாற்றமே கிடையாது. அதை வாங்குங்கள். தேய்த்துப் பளபளப்பாக்குவதும் எளிது.

யாருக்கு 500 வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். லைனில் மாட்டப்போவதில்லை, விருந்தாளி பார்த்து "இது என்ன?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால் எரிகோஃபோன் வாங்குங்கள். அந்த வேலையில் அதை அடிக்க ஆளில்லை. 500ஐப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை. வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய் ஜன்னலைத்தான் பார்க்கிறார்கள்.

பிரின்சஸ் இப்போது அக்கா மகளின் கட்டிலருகே இருக்கிறது. லைன் இல்லை, மின்மாற்றி மட்டும் மாட்டியிருக்கிறாள், டயல் இரவு விளக்காக எரிகிறது. எரிகோஃபோன் விரிசலோடு துணி அலமாரியில் ஸ்வெட்டர்களுக்கு நடுவே நிற்கிறது. மனைவிக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியும்.

தட்டில் இருப்பதைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு புகார். மதுரையில் அம்மா சாயங்காலம் நாலு மணிக்குக் காபி குடித்துவிட்டுப் போன் போடுவாள், இங்கே விடியற்காலை. "அந்த மணியை நிறுத்துங்களேன்." போனின் அடியில் அதற்கென்று பல் வைத்த ஒரு சக்கரம் உண்டு. கடைசிவரை திருப்பியும் கிண்ணத்தை மெல்லத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டுக்காரர் மணியை முழுக்க அணைத்துவிடக்கூடாது என்று அங்கே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். அதை வளைத்துவிட்டால் அணைந்துவிடும் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.